சமதரையார்

மனிதர்களில் சைக்கிள் வாங்குகிறவர்கள் உண்டு, சைக்கிள் விடுகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு வகுப்பிலும் சேராமல், சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதையே ஒரு விரதமாக மேற்கொண்டு, அந்த விரதம் எங்கே முடிந்துவிடுமோ என்கிற உள்ளச்சத்தோடு வருஷக்கணக்கில் அதை அனுஷ்டித்து வருகிறவர்களும் உண்டு என்பதை நான் ஓசூருக்குக் குடிவந்த பிறகுதான் அறிந்துகொண்டேன். லாரியும் கைக்கடிகாரமும் மொபெட்டும் உற்பத்தியாகிற இந்த ஊரில், சிப்காட் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆலையின் பர்ச்சேஸ் இலாகாவில் உத்தியோகம் பார்க்கும் என் அண்டை வீட்டுக்காரர் அந்த வகுப்பின் தலைசிறந்த பிரதிநிதி. “சமதரை ரோட்டில் வேகமாகப் போகணும், விலையும் நம்ம கைக்கு அடங்கணும், அந்த மாதிரி ஒரு ரோடு பைக் சார்!” என்று பதினான்கு மாதங்களாக அவர் சொல்லிவருவதால், பெற்றோர் இட்ட பெயர் எங்களுக்கு மறந்துபோய், நானும் என் மனைவியும் அவரைச் சமதரையார் என்றே குறிப்பிட்டு வருகிறோம். மூக்கும் முழியும்தான் மாறுமே தவிர, சமதரையார்கள் மத்திகிரியிலும் இருக்கிறார்கள், பாகலூர் ரோட்டிலும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஒருவர் இருப்பதாகவும், அவர் இவரைவிட இரண்டு வருஷம் சீனியர் என்றும் கேள்வி.

ஆலைக்கு நாலணாப் பெறாத ஒரு வாஷர் வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வரவழைத்து, ஒப்புநோக்கு அட்டவணை தயாரித்து, ஆகக் குறைந்த விலை சொன்னவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, அவர் சொன்ன விலையிலும் நூற்றுக்கு ஐந்து குறைத்தால்தான் அன்றிரவு நித்திரை கொள்ளும் சுபாவமுடைய ஒருவர், சொந்தப் பணத்தில் முப்பது நாற்பதாயிரம் ரூபாய் பெறுமான ஒரு வாகனத்தை வாங்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். அவருடைய கம்ப்யூட்டரில் இது சம்பந்தமாக ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் குறுக்கே நாற்பத்தொரு சைக்கிள்கள். நெடுக்கே பதினெட்டுப் பத்திகள். ஃப்ரேம் அலுமினியமா இரும்பா, முன் ஃபோர்க் கார்பனா இல்லையா, ஷிமானோ கியரில் ஏழு அடுக்கு டூர்னியா, எட்டு அடுக்கு கிளாரிஸா, ஒன்பது அடுக்கு சோராவா, பிரேக் டிஸ்க்கா பழைய கட்டையா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டுத் தொகையில் முதலாவதாக வருகிற சைக்கிள் மாதத்துக்கொரு முறை மாறும். மாறாமல் இரண்டு மாதம் நீடித்துவிட்டால், மதிப்பெண் வழங்கும் முறையிலேயே கோளாறு இருக்கிறது என்று முடிவு கட்டி, அதைத் திருத்திவிடுவார்.

அவருடைய ஞானத்தைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் காப்பியை ஆற்றிக்கொண்டே அவர் எனக்குச் செய்த உபதேசம் உண்மையிலேயே சாரமுள்ளது. சமதரையில் சைக்கிள்காரனுக்குச் சத்துரு எடையன்று, காற்று. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். ஆகையால் ஒரு கிலோ எடையைக் குறைப்பதற்காகப் பணக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக்கொடுக்கும் கார்பன் மோகம் மலையேறுகிறவனுக்குத்தான் பிரயோஜனம், சமதரைக்காரனுக்குப் பத்து கிலோ அலுமினியமே யதேஷ்டம். ஊசிபோல் மெல்லிய டயரில் கல்லைப்போல் காற்றடிக்கும் பழைய சித்தாந்தமும் வழக்கொழிந்துவிட்டது. நம் ரோட்டுக்கு 28 மில்லிமீட்டர் டயரில் சற்றே தணிந்த காற்றுதான் வேகம். இவ்வளவையும் ஆதாரத்தோடு விளக்கிய பிறகு, கணக்கு ஒன்று போட்டுக் காட்டினார். முன்னால் 50 பல், பின்னால் 11 பல், நிமிஷத்துக்கு 90 மிதி என்றால், மலிவான கிளாரிஸ் வண்டியே மணிக்கு 52 கிலோமீட்டர் போகுமாம். பெல்ஜியம் தேசத்து மகாவீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் மெக்ஸிகோ நகரத்தில் ஒரு மணி நேரத்தில் ஓட்டி உலக சாதனை படைத்த தூரமே 49.431 கிலோமீட்டர்தான்.

“அப்படியானால் மெர்க்ஸை முந்துவதற்கு வேண்டிய பல் நாற்பதாயிரம் ரூபாய் வண்டியிலேயே இருக்கிறது, கால் ஒன்றுதான் பாக்கி” என்றேன்.

“கால் தானா வரும் சார். முதல்ல ஸ்பெசிபிகேஷன் சரியா இருக்கணும்” என்றார்.

காற்றுத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் உண்டாவதன்று, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆசாமியால் உண்டாவது என்பதும் அந்த உபதேசத்தில் அடங்கியிருந்தது. அந்த இடத்துக்கு வந்தபோது, ஆலை கேன்டீன் பொங்கல் பதினெட்டு வருஷமாகப் பாடுபட்டு உருவாக்கியிருந்த தம் முன்பாகத்தை அவர் ஒரு கணம் குனிந்து பார்த்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டயர்களின் அகலத்தைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்.

சைக்கிள் வருவதற்கு முன்பே அளவு எடுக்கும் வைபவம் நடந்தேறியது. செருப்பில்லாமல் சுவரில் முதுகைச் சாத்தி நின்று, பெண்ணின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் விளிம்பு சுவரில் தொட்ட இடத்துக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து, அதை 0.883-ஆல் பெருக்கினால் இருக்கையின் உயரம் கிடைக்கும் என்பது சாஸ்திரம். மூன்று தடவை அளந்ததில் மூன்று விடைகள் வந்தமையால், ஆலையிலிருந்து நல்ல அளவுகோல் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து நான்காவது தடவையும் அளந்தார். இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று கவனித்த அவர் மனைவி, “ஏங்க, தீபாவளிக்கு பேண்ட் தைக்கக் கொடுத்தப்போ இந்த அளவு எடுத்திருந்தா அது இப்படிப் பிடிச்சிருக்காதே!” என்று மாத்திரம் சொன்னாள்.

பஸ் நிலையத்துப் பக்கம் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் சைக்கிள் கடை பாயிடம் அபிப்பிராயம் கேட்கலாமென்று நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். சக்கரத்தில் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்த பாய், சமதரையார் ஃபோனில் காட்டிய படத்தை, செம்மறிக்கடாவின் கொம்பைப்போல் வளைந்து கிடந்த ஹேண்டில்பாரை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “மட்காடு இல்ல, ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, பெல்லும் இல்ல. இதெல்லாம் இல்லாம எவ்வளவு குறைச்சித் தர்றாங்க?” என்று விசாரித்தார். குறைப்பதில்லை, அவை இல்லாததற்குத்தான் அந்த விலை என்று தெரிந்ததும், “வால்வும் வேற ஜாதி சார், நம்ம பம்பு வாய் அதுல பொருந்தாது. பஞ்சரானா என்கிட்ட கொண்டாராதீங்க” என்று மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அன்றிரவே அட்டவணையில் ‘வால்வு’ என்று ஒரு பத்தி சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூருக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்குவது அவர் வழக்கம். இரு மாநில எல்லையில் வாழும் எங்களுக்குக் கார் வாங்கினால் எந்த மாநிலத்துப் பதிவு, எந்த மாநிலத்து வரி என்பது பெரிய வியாஜ்யம். வரியும் பதிவும் கேளாமல் எல்லையைக் கடக்கும் வாகனம் சைக்கிள் ஒன்றே என்பதில் அவருக்கு அபரிமிதமான சந்தோஷம். கடைகளில் அவர் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் பேரம் பேசி, பேரம் படியாதபோது தெலுங்கில் பெருமூச்சு விடுவார். பழைய சைக்கிள்களையும் அவர் விடவில்லை. புத்தாண்டுச் சங்கற்பத்தில் வாங்கிப் பொங்கலோடு வைராக்கியம் தீர்ந்துபோன மென்பொருள் வாலிபர்களின் சைக்கிள்கள் பெங்களூரின் அடுக்குமாடி வராந்தாக்களில் அநேகம் தொங்குகின்றன. இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாதவை, பாதி விலைக்குக் கிடைப்பவை. அப்படியொன்றைப் பார்க்கப் போய், செயினைத் தடவி, பெடல் அச்சை ஆட்டி, ஃப்ரேமைச் சுண்டி நாதம் கேட்டு, எல்லாம் திருப்தியாக இருக்கக் கண்டு, “இவ்வளவு நல்ல வண்டியை இவன் ஏன் விற்கிறான்?” என்ற சந்தேகம் மூண்டு திரும்பி வந்துவிட்டார்.

2025 செப்டம்பரில் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாக இறங்கிய செய்தி வந்தபோது, இனி விமோசனம் பிறந்தது என்று நான் நம்பினேன். அவரோ, மிச்சமாகும் தொகையைக் கணக்கிட்டு, அதனோடு இன்னும் ஆறாயிரம் சேர்த்தால் கிளாரிஸுக்குப் பதில் சோரா கிடைக்கும் என்றும், சோராவரைக்கும் வந்த பிறகு டியாக்ராவைப் பார்க்காமல் விடுவது நியாயமில்லை என்றும் கண்டுபிடித்தார். விலை குறைந்ததனால் அவருக்குச் சைக்கிள் மேலும் எட்டாக் கனியாயிற்று.

இவ்வளவிலும் ஒரு கேள்வியை மட்டும் அவரும் கேட்கவில்லை, நாகரிகம் கருதி நானும் கேட்கவில்லை. ஓசூரில் சமதரை எங்கே இருக்கிறது? கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில், சந்திரசூடேஸ்வரர் குன்றின்மேல் அமர்ந்து காவல் காக்கும் ஊர் இது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிளம்பினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஆயிரம் அடிக்கு மேல் இறக்கம். போகும்போது பூமாதேவி மிதிப்பாள், திரும்பும்போது நாம்தான் மிதிக்க வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மேடும் பள்ளமுமாகக் காடு. அங்கே சமதரையைத் தேடுகிறவன் யானையையும் சந்திக்கத் தயாராக இருக்க வேண்டும். பெங்களூர்ப் பக்கம் ரோடு ஓரளவு மட்டம்தான். ஆனால் அந்த மட்டத்தை லாரிகள் முன்பதிவு செய்துவிட்டன. காவேரிப்பட்டணம் பக்கம் போனால் கொஞ்சம் சமதரை உண்டு. சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு போகலாம். அதற்குக் காரின்மேல் பொருத்தும் சட்டம் வாங்க வேண்டும். சட்டங்களுக்கும் அவர் மூன்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

சென்ற மாதம் தெய்வம் குறுக்கிட்டது. பெங்களூரில் வேலை பார்த்த அவருடைய அக்காள் மகன் ஆறு மாதம் ஜெர்மனிக்குப் போக நேர்ந்து, தன் ரோடு பைக்கை மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனான். கொட்டேஷன் இல்லாமல் வந்து சேர்ந்த அந்த வாகனத்தை இரண்டு வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். மூன்றாவது ஞாயிறு விடியற்காலையில், உடம்பின் ரகசியங்கள் ஒன்றையும் மறைக்காத சட்டையும் தலைக்கவசமும் தரித்துச் சூளகிரியை நோக்கிப் புறப்பட்டார்; ஆபத்துக்கு உதவ நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். இறக்கமாயிருந்தும் எதிர்க்காற்று. குனிந்து பிடிக்க வேண்டிய கொம்பின் அடிப்பாகத்தைப் பிடிக்க முன்பாகம் சம்மதிக்கவில்லை. வேகம் இருபத்திரண்டு, முகம் செந்தூரம்.

அப்போதுதான், 1980-இல் டி.வி.எஸ். 50 என்று இதே ஓசூரில் அவதரித்த வம்சத்தைச் சேர்ந்த ஓர் எக்ஸ்.எல். வண்டி, இரு புறமும் கொத்தமல்லிக் கட்டுகள் பிதுங்க, ஒரு சிறு சுவரைப்போல் எங்களைத் தாண்டிச் சென்றது. சமதரையார் பதினான்கு மாதம் கற்ற காற்றுச் சாஸ்திரமெல்லாம் அந்த ஒரு கணத்தில் அவருக்கு ஸ்புரித்திருக்க வேண்டும். நாலு மிதி எழுந்து மிதித்து, அந்தப் பச்சைச் சுவரின் நிழலில் போய் ஒட்டிக்கொண்டார். காற்று நின்றது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது! என் ஸ்கூட்டரே சற்று முனகியது. முகத்தில் கொத்தமல்லி வாசனை வீச, கண்கள் பாதி மூட, ஒரு யோகியின் சாயலில் அவர் பறந்துகொண்டிருந்தார், எக்ஸ்.எல். சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பியதும் திரும்பினார், மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் நுழைந்தார், மூட்டைகளுக்கு நடுவே அது நின்றபோது தாமும் நின்றார்.

வண்டிக்காரர் இறங்கி, அந்த விசித்திர வேஷத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, “கொத்தமல்லிக்கா சார் இவ்ளோ தூரம் தொரத்திக்கினு வந்தீங்க? கூப்பிட்டிருந்தா நின்னிருப்பேனே!” என்று மனம் வருந்தி, நல்ல கட்டுகளாக நாலு எடுத்து நீட்டி ஒரு விலை சொன்னார். சமதரையார் அடுத்த கடையில் விசாரிக்கவில்லை, ஐந்து சதவிகிதம் குறைக்கவில்லை. சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான், நாலு கட்டுக் கொத்தமல்லியை எங்கே வைப்பது என்று அந்தச் சைக்கிளை முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கட்டுகள் என் ஸ்கூட்டரில் வந்தன. ஏற்றத்தில் பாதி வழிக்குமேல் அவரும் வந்தார். சைக்கிள் மறுநாள் தெரிந்தவருடைய மினி லாரியில் வந்தது.

திங்கட்கிழமை இரவு அவர் வீட்டு ஜன்னலில் வெகுநேரம் விளக்கெரிந்தது. ‘கேரியர் மாட்ட வசதி உண்டா?’ என்று இருபதாவது பத்தி ஒன்று அட்டவணையில் சேர்ந்திருப்பதாகவும், நாற்பத்தொரு சைக்கிள்களில் முப்பத்துமூன்று அதில் பூஜ்யம் வாங்கியிருப்பதாகவும் காலையில் எனக்குத் தெரிவித்தார்.