புறநகர்க் குடிபெயர்வியல்: ‘நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ குறித்த ஓர் ஆய்வுரை

1. நுதலிய பொருளும் எல்லையும்

சென்னை நகருக்குள் வாடகைக்குக் குடியிருப்போர், தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வரை நீளும் ரயில்பாதையை ஒட்டிய ஊர்களுள் ஒன்றுக்குக் குடிபெயர்வதா, அன்றி வீட்டு உரிமையாளர் ஆண்டுதோறும் அறிவிக்கும் உயர்வைத் தலைவணங்கி ஏற்று இருக்கும் இடத்திலேயே இருப்பதா என்னும் வினா, கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய 1931ஆம் ஆண்டு முதற்கொண்டே எழுந்திருக்கக் கூடியதாயினும், அதற்கு முறையான இலக்கணம் எதுவும் இதுகாறும் வகுக்கப்படவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வுரையின் நோக்கம். இத்துறைக்கு ஈண்டுக் ‘குடிபெயர்வியல்’ என்று பெயரிடப்படுகிறது. பெயரிடப்பட்டுவிட்டமையால் துறை இருப்பதாகவே கொள்ளப்படும் என்பது பல்கலைக்கழக மரபு.

அடுத்து ஆய்வெல்லை. 1189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022 அக்டோபரில் பிறந்த அரசாணையால் 5904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அதன் பயனாக, அரக்கோணத்தில் இருந்தவர்கள் ஒரு பாத்திரத்தையும் பழைய செய்தித்தாளில் சுற்றாமல், லாரிக்காரரிடம் பேரம் பேசாமல், பெருநகரத்துக்குள் வந்து சேர்ந்தனர். இருந்த இடத்திலேயே நிகழும் இப்பெயர்வு ‘ஆணைவழிப் பெயர்வு’ எனப்படும். இதில் குடும்பத்தார் கூடி முடிவெடுக்க யாதொன்றும் இல்லாமையால், இது இவ்வாய்வின் எல்லைக்குள் வாராது.

2. முன்னோர் மொழிந்தவை

ஜெர்மானியப் பண்ணை உரிமையாளரான யோஹான் ஹைன்ரிஷ் ஃபான் த்யூனன், ‘தனித்த அரசு’ என்னும் பொருள்படும் தம் நூலை 1826இல் வெளியிட்டு, நகரத்தைவிட்டு விலக விலக நிலத்தின் வாடகை குறையும் என்பதைக் கணக்கிட்டு நிறுவினார். அதன்பொருட்டு அவர் ஆறும் மலையும் அற்ற சமவெளி ஒன்றைக் கற்பித்துக்கொண்டு, அதன் நடுவே ஒரே ஒரு நகரத்தை வைத்தார். அச்சமவெளியில் வீட்டுத் தரகர் இல்லை. ஆகவே அங்கே தொலைவு தொலைவாகவே இருந்தது என்க.

இத்தாலிய இயற்பியலறிஞர் சேசரே மார்க்கெத்தி 1994இல் எழுதிய கட்டுரையில், மனிதர் எக்காலத்தும் எவ்வூரிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தையே பயணத்துக்கு ஒதுக்குவர் என்றும், வண்டி வேகமானால் அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, வீட்டைத்தான் தள்ளிப் போட்டுக்கொள்கின்றனர் என்றும் வாதிட்டார். இதன் பிற்பகுதி மறுக்க இயலாதது. முற்பகுதியைப் பொத்தேரி நிலையத்தில் இரவு எட்டு மணிக்கு இறங்குவோரிடம் விளக்க முற்படும் ஆய்வாளர் நன்றாக ஓடக்கூடியவராய் இருத்தல் நலம்.

புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டுட்ஸர் ஆகிய பொருளியலறிஞர் இருவரும், ஜெர்மானியக் குடும்பங்களின் தரவுகளை அலசி, நெடுநேரம் பயணம் செய்து வேலைக்குப் போய்வருவோர் வாழ்வில் மனநிறைவு குன்றியே இருக்கின்றனர், குறைந்த வாடகையும் கூடுதல் சம்பளமும் அதை முழுதும் ஈடுசெய்வதில்லை என்று கண்டனர். பொருளியற் கோட்பாட்டின்படி மனிதர் அறிந்தே தமக்கு நட்டம் தேடிக்கொள்ளமாட்டார் ஆதலின், இதற்கு அவர்கள் ‘முரண்’ என்று பெயர் சூட்டினர். கோட்பாடும் மனிதரும் மாறுபடுங்கால் முரண் மனிதரிடத்தே உள்ளது என்று கொள்வது அறிஞர்க்கு இயல்பு.

3. திணைப் பாகுபாடு

எப்பொருளையும் திணையாகப் பகுக்காமல் எழுதப்படும் தமிழ்க் கட்டுரை கருத்தரங்கத் தொகுதியில் இடம்பெறுவது அரிது என்பதாலும், பதிப்புக் கட்டணம் முன்னரே செலுத்தப்பட்டுவிட்டது என்பதாலும், ஈண்டுப் ‘புறநகர்த் திணை’ என்னும் ஆறாம் திணை நிறுவப்படுகிறது. ஆறாம் திணை என்ற ஒன்று வேறு ஆய்வாளர் பலரால் வேறு பொருள்களுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருக்கக் கூடும். அவர்கள் ஏழு முதலாக எண்ணிக்கொள்வார்களாக.

தொல்காப்பிய நெறிப்படி ஒரு திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் மூன்று வேண்டும். முதற்பொருளாவது நிலமும் பொழுதும்: நிலம், ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மனைப்பிரிவு. சிறுபொழுது, விடியற்காலை நான்கரை. பெரும்பொழுது, வடகிழக்குப் பருவமழை. கருப்பொருள்களுள் உணவு, டிபன் பாக்ஸில் ஆறிய எலுமிச்சைச் சாதம். விலங்கு, இரவில் நிலையத்திலிருந்து வீடுவரை துணைவரும் தெருநாய். பறை, ரயில்வே கேட் மூடும் மணி. தொழில், இடம் பிடித்தல்.

உரிப்பொருள் பிரிவு. இது பாலைக்கு உரியதன்றோ எனின், பாலையில் தலைவன் பொருள்வயிற் பிரிந்தால் பருவம் ஒன்று கழித்தாவது மீள்வான். புறநகர்த் திணையிலோ அவன் நாள்தோறும் பிரிந்து நாள்தோறும் மீள்வதால், தலைவிக்கு ஆற்றாமை கொள்ளவும் அவகாசம் இல்லை. இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் நிகழ்வது உடன்போக்கு. எனினும் தலைவி மகளிர் பெட்டியிலும் தலைவன் பொதுப்பெட்டியிலும் ஏறுவதால், உடன்போக்கின் உள்ளேயே ஒரு பிரிவு அமைந்துகிடக்கிறது. இவ்வியப்பைப் பண்டை உரையாசிரியர் எவரும் குறிக்கவில்லை, அவர்களுக்கு மின்ரயில் கிடைக்காமையே காரணம் என்க.

4. பத்து நிமிடம்

இனி இவ்வாய்வின் மையப்பொருள். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என எவ்வூராயினும், வீடு எத்திசையில் எத்தொலைவில் இருப்பினும், அது ‘நிலையத்திலிருந்து பத்து நிமிடம்’ என்றே கூறப்படும். இயற்பியலில் ஒளியின் வேகத்துக்கு உள்ள நிலைபேறு மனைத்தொழிலில் இக்காலவளவுக்கு உண்டு. இதனை இலக்கணப்படுத்தும்பொருட்டு, இவ்வாய்வுரை தானே ஒரு நூற்பாவை யாத்து அளிக்கிறது:

பத்து நிமிடம் என்மனார் தரகர்;
எத்துணை தூரம் என்றுரைத் திலரே.

பத்து நிமிடம் நால்வகைப்படும். முதலாவது, தரகர் நிமிடம்: ஞாயிற்றுக்கிழமை காலை, வெறுஞ்சாலையில், தரகரின் பைக்கில், பின்னால் அமர்ந்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நிலையில் அளக்கப்படுவது. இரண்டாவது, உரிமையாளர் நிமிடம்: ரயில்வே சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் நுழைந்து தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டினால் கிடைப்பது, சட்டம் இதனை ஏற்பதில்லை, ரயிலும் ஏற்பதில்லை. மூன்றாவது, ஷேர் ஆட்டோ நிமிடம்: இது கடைசி இருக்கை நிரம்பிய கணத்திலிருந்தே எண்ணப்படும், அதற்கு முன் கழிந்த காலம் காலமாகக் கருதப்படுவதில்லை. நான்காவது, மழை நிமிடம்: இதற்கு மேல்வரம்பு இல்லை.

நிலையம் என்பதன் எல்லை யாது என்பதிலும் உரையாசிரியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. நிலையத்தின் பெயர்ப்பலகை கண்ணுக்குப் படும் இடமே நிலையம் என்பர் பலகைப் பள்ளியினர். டிக்கெட் கவுண்ட்டரே நிலையம் என்பர் கவுண்ட்டர்ப் பள்ளியினர். இவர்களை மறுத்து, சீசன் டிக்கெட் வைத்திருப்போர்க்குக் கவுண்ட்டரோடு யாதொரு தொடர்பும் இல்லை என்று இடையிட்டு உரைப்பர் படிக்கட்டுப் பள்ளியினர். நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி எதிர்ப்புறத்து நடைமேடையை அடையும் காலத்தையும் சேர்க்கவேண்டும் என்பது மூட்டுவலிப் பள்ளியினரின் கொள்கை. இப்பள்ளியினர் எண்ணிக்கையில் மிக்கவராயினும் கூட்டத்தில் எழுந்து பேச இயலாமையால் இவர்களின் கொள்கை நூலேறவில்லை.

பத்து நிமிடம் என்னும் இவ்வலகின் தோற்றம் குறித்து மூலபாட ஆய்வு ஒன்று இன்றியமையாதது. மரத்தில் ஆணியடித்து மாட்டிய தகரப்பலகை, மேம்பாலத் தூணில் ஒட்டிய துண்டறிக்கை, சுற்றுச்சுவரில் தீட்டிய பெயிண்ட் எழுத்து என மூவகைச் சுவடிகள் கிடைக்கின்றன. இவற்றுள் சுவரெழுத்தே மூத்தது என்றும், அதில் முதலில் ‘40 நிமிடம்’ என்றே இருந்தது என்றும், மழையில் பெயிண்ட் கரைந்து நான்கின் நேர்க்கோடு மட்டும் எஞ்சியமையால் பின்வந்தோர் அதனை ஒன்று எனப் படித்துப் ‘10’ எனப் படியெடுத்தனர் என்றும் கருதுவர் ஒரு சாரார். இது பாடபேதம் அன்று, ஏடெழுதுவோர் பிழையும் அன்று, ஏடெழுதுவித்தோர் கருத்து என்று அதனை மறுப்பர் மற்றொரு சாரார். தகரப்பலகையின் கீழ்ப்பகுதியில் தொலைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை ஆடு தின்றுவிட்டது என்றும், ஆடு தகரம் தின்னாது ஆதலின் அஃது இடைச்செருகல் என்றும், தின்றது பலகையை அன்று, அதன்மேல் ஒட்டியிருந்த கட்சிச் சுவரொட்டியையே என்றும், அச்சுவரொட்டியைக் கொண்டு பலகையின் காலத்தைத் தேர்தலுக்கு முன் என நிறுவலாம் என்றும், எந்தத் தேர்தல் என்பது ஆட்டுக்கே வெளிச்சம் என்றும் இவ்விவாதம் நீள்கிறது. தேர்வாளர் மூவருள் இருவர் இவ்விவாதத்தை முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைப்பர் என்று எதிர்பார்க்கலாம்.

இவ்வலகின் வியக்கத்தக்க பண்பு ஒன்று எஞ்சுகிறது. தரகரின் பத்து நிமிடத்தை நம்பிக் குடியேறி, முதல் மாதம் முழுதும் அவரை வசைபாடியவர், புதுமனையைப் பார்க்க வரும் உறவினர் “ஸ்டேஷன்லேர்ந்து எவ்வளவு தூரம்?” என்று கேட்கும்போது, தயக்கமின்றிப் “பக்கந்தான், பத்து நிமிஷம்” என்கிறார். இவ்வாறு அலகு தலைமுறைகளைக் கடந்து நிலைபெறுகிறது.

5. ஏனைய காரணிகள்

தண்ணீர்: போர் போட்டபின் தெரியும்.

கொசு: உண்டு.

காற்று: நல்ல காற்று என்பதில் எவர்க்கும் ஐயமில்லை, அதனைச் சுவாசிக்கப் பகலில் வீட்டில் இருப்பவர் எவர் என்பதே ஐயம்.

பேருந்து: 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்ட உறவினர் இறங்கியவுடன் வீட்டுக்கு வந்துவிட முடிகிறது. இது நன்மையா அன்றா என்பது உறவினரைப் பொறுத்தது.

வெள்ளம்: 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்தன. ஏரியிலும் நீர்வழியிலும் மனை போடும் குற்றத்தைப் புறநகர்மீது மட்டும் சுமத்துதல் நடுநிலை ஆகாது. தியாகராய நகரே 1920களில் பழைய மாம்பலம் ஏரி நிலத்தில் உருவாக்கப்பட்டது.

வியர்வை: 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் குளிர்சாதன மின்ரயில் விடப்பட்டது, அது புறப்படும் நேரத்தில் அலுவலகம் தொடங்குவோர்க்கு இக்காரணி நீங்கிற்று.

6. கடாவும் விடையும்

கடாவாவது கேள்வி, விடையாவது அதற்குச் சொல்லப்படும் மறுமொழி.

வாடகை மிச்சமாகுமே, அதனைக் கணக்கில் கொள்ளாதது என்னை எனின், கொள்ளப்பட்டது. ஒருவருக்கு வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி ஆகும் எனக் கொண்டால், நாளொன்றுக்கு மூன்றரை மணியும், 25 வேலைநாள் கொண்ட மாதத்துக்கு 87.5 மணியும் ஆகும். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால், மாதம் ஏறத்தாழ 11 நாள் அவர் ரயில்வேக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சம்பளமின்றி உழைக்கிறார். மிச்சமாகும் வாடகையை அந்த 87.5 மணியால் வகுத்துப் பார்த்துக் கிடைக்கும் மணிக்கூலியை அவர் யாரிடமும் சொல்லாதிருப்பது உத்தமம்.

அங்ஙனமாயின் கணக்குப் போட்டபின்னும் மக்கள் குடிபெயர்வது எதனால் எனின், கணக்கு முடிவுக்குப் பின்னரே போடப்படுகிறது. மைத்துனர் ஊரப்பாக்கத்தில் இரண்டு மனை தள்ளி இருக்கிறார் என்பதோ, வீட்டு உரிமையாளர் தம் மகனுக்குத் திருமணம் என்று கூறிவிட்டார் என்பதோ மூலம். த்யூனன் முதல் மூன்றரை மணி நேரம் வரை எல்லாமே உரை. மூலத்தை மாற்றிய உரை தமிழில் உண்டு என்பது வேறு செய்தி.

யாருடைய நேரம் எண்ணப்பட்டது எனின், இதுவே எஞ்சிய கடா. மேற்கண்ட மூன்றரை மணி, ரயிலேறுபவரின் மணி. ஏழு மணி ரயிலுக்கு ஆறே முக்காலுக்குப் புறப்படுபவர் ஆறு மணிக்கு எழலாம். அவருக்குச் சோறு கட்டுபவர் நான்கரைக்கே எழவேண்டும், அவரும் வேலைக்குப் போகிறவராயின் இரு கணக்கிலும் அவரே வருவார். மார்க்கெத்தியின் ஒரு மணியில் அந்த ஒன்றரை மணி இல்லை, சீசன் டிக்கெட்டின் விலையிலும் இல்லை, இவ்வாய்வுரையின் திணைப் பட்டியலிலும் அது ‘சிறுபொழுது’ என்ற தலைப்பில் ஆளின்றியே நிற்கிறது.

7. முடிபு

குடிபெயரலாமா கூடாதா என்பதற்கு ஆய்வால் விடை கூற இயலாது. எவ்வாறு பார்த்தபின் முடிவெடுப்பது என்பதற்குக் கூற இயலும். வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை செல்வது வழக்கம். அந்நாளில் சாலை வெறிச்சோடியிருக்கும், கேட் திறந்திருக்கும், தரகரும் ஓய்வாக இருப்பார், ஆகவே அந்நாளில் கண்டது எதுவும் சான்றாகாது. வீடு தேடுவோர் நவம்பர் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஏழு மணி ரயிலைக் குறிவைத்து, அவ்வீட்டு வாசலிலிருந்து நிலையத்துக்குத் தம் காலால் நடந்து பார்க்க. நடக்கும்போது வீட்டில் முதலில் எழுபவரையும் உடன் அழைத்துச் செல்க. முன்பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.