கைக்கோடரிக்கு ஒரு ஜாதகம்

பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து துருப்பிடித்த இரும்பு ஏதாவது இறங்கினால், தெருவே நிபுணர் குழுவாகிவிடும். பாக்குவெட்டி என்பார் ஒருவர். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது என்பார் இன்னொருவர். வயது தெரியாத சாமானைப் பிரெஞ்சுக்காரன் தலையில் கட்டுவது புதுச்சேரிக்காரர்களின் வசதி.

பல்லாவரத்துக்கு அந்த வசதி இல்லை. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளைக் குழியில் ஒரு கல்லைப் பொறுக்கினார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி! அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கைக்கோடரிகள் கிடைத்தன. பழங்கற்காலம், சரி, எத்தனை வருஷம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு ஜாதகம் கணித்தார்கள். புதைந்த கல்லில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணுக்கள் தேய்ந்த அளவை வைத்துப் பார்த்தால் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. பதில் வர 148 வருஷம். பட்டா மாற்ற அலைந்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது.

வயது சரி, வேலை? இறைச்சி அறுக்க, கிழங்கு தோண்ட, மரம் சீவ என்கிறார்கள். பெண்களைக் கவரவே இவ்வளவு அழகாகச் செதுக்கினார்கள் என்று 1999இல் பிரிட்டனில் இருவர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். பைக் வராத காலம், பாவம்.