பசித்தவர் கேட்கும் பிழையான கேள்வி: திருச்சி – ஸ்ரீரங்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

திருச்சி ஜங்ஷனில் இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் விசாரிப்பது மலைக்கோட்டைக்கு வழியல்ல. "இந்த ஊர்ல சாப்பாடு எங்கே நல்லா இருக்கும்?" என்பதுதான். கேள்வி எளியது; பதில்கள் ஏராளம்; பதில் சொன்ன எவரும் பின்விளைவுக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே ஆய்வு அவசியமாகிறது.

இக்கட்டுரையின் கருதுகோள் வருமாறு: இந்த வட்டாரத்தில் சாப்பாட்டின் தரம் கடையைவிட மணியைப் பொறுத்தது. ஒரே கடை, ஒரே மாஸ்டர், ஒரே தோசைக்கல்தான். காலை எட்டு மணிக்கு அமிர்தம். பிற்பகல் மூன்றரைக்கு ஆறுதல் பரிசு. எனவே இடத்தை விசாரிக்கும் கேள்வி அடிப்படையிலேயே பிழையானது.

2. முன்னாய்வுகள்

இத்துறையின் மூலநூலை எழுதியவர்கள் டயர் வியாபாரிகள். பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் 1900இல் வாகன ஓட்டிகளுக்கென ஒரு கையேடு வெளியிட்டார்கள். வண்டி ஓடினால் டயர் தேயும், டயர் தேய்ந்தால் வியாபாரம் நடக்கும் என்பது அதன் தத்துவ அடிப்படை. 1926இல் நட்சத்திரமும், 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற படிநிலையும் வந்தன. போகிற வழியில் நிறுத்தத் தகுந்த கடைக்கு ஒன்று, சுற்றிப் போயாவது சாப்பிடத் தகுந்ததற்கு இரண்டு, அதற்கென்றே ஊரைவிட்டுக் கிளம்பத் தகுந்ததற்கு மூன்று. முறைமை கச்சிதமானதுதான். ஆனால் ஏகாதசிக்கு அதில் இடமில்லை.

உள்ளூர் முன்னாய்வுகள் யாவும் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. இவற்றை மூன்று பள்ளிகளாகப் பிரிக்கலாம். முதலாவது லாட்ஜ் வரவேற்பாளர் பள்ளி. அதன் முடிவுகள் பெரும்பாலும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சென்றடைகின்றன. இரண்டாவது உறவினர் பள்ளி. பெரிய கடை வீதியில் ஒரு கடையைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்துவிட்டு, "ஆனா அந்தப் பழைய ருசி இப்ப இல்ல" என்று அதே மூச்சில் தன் முடிவைத் தானே மறுக்கும் தனிச்சிறப்பு இதற்கு உண்டு. மூன்றாவது ஆட்டோக்காரர் பள்ளி. "சைவமா சார், அசைவமா?" என்று முதலில் மாறிகளைப் பிரித்துக்கொள்ளும் ஒரே பள்ளி என்பதால் அறிவியலுக்கு மிக நெருக்கமானதும் இதுவே.

கேள்வியே எழ வழியில்லாத ஒரு காலமும் இருந்தது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். எங்கே உட்கார்வது என்பதைப் பசியோ ருசியோ தீர்மானிக்கவில்லை; போர்டு தீர்மானித்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் ரயில் நிலையங்களில் அந்தப் பிரிவு ஒழிந்தது. எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு கூடிவிட்டதாகக் குறை சொல்லும் உரிமை அத்தனை பழையதல்ல.

3. ஆய்வுக் களம்

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். 156 ஏக்கரில் ஏழு திருச்சுற்றுகள் கொண்ட அரங்கநாதர் கோயிலின் வெளிச்சுற்றுகளான உத்தர வீதி, சித்திரை வீதி எல்லாம் மனிதர்கள் குடியிருந்து, கடை வைத்து, காபி குடித்து வாழும் தெருக்கள். 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் இட்லி கிடைக்கும். கோயிலுக்குப் போகும் முன் சாப்பிடுவதா, போய்விட்டு வந்து சாப்பிடுவதா என்ற தமிழ்க் குடும்பங்களின் பழைய சர்ச்சை இவ்வூரில் வலுவிழக்கிறது. கோயிலுக்குள் இருந்துகொண்டே கோயிலுக்குப் போகும் முன் சாப்பிடலாம்.

திருச்சியையும் தீவையும் இணைப்பது 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலமும் அதன்மீது ஓடும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸும். பராமரிப்புக்காக 2022 நவம்பரில் பாலம் மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. இடையில் கார்களும் பஸ்களும் பைபாஸ் வழியே சுற்றிப் போயின. மிஷலின் வகுத்த இரண்டு நட்சத்திரத் தேர்வை நெடுஞ்சாலைத் துறை இவ்வாறு ஊருக்கே நடத்தியது. சிந்தாமணியில் குடியிருந்துகொண்டு, சுற்றிப் போயாவது திருவானைக்காவலில் தோசை சாப்பிட்ட ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, ஒரு மதிப்பீட்டாளர்.

4. மாறிகள்

அ) கோயில் மணி. வழக்கமான நாட்களில் காலை ஆறு மணி அளவில் அரங்கன் சந்நிதியில் விஸ்வரூப தரிசனம். யானையும் பசுவும் முதலில் சேவிக்க, மனிதர்கள் பிறகு சேவித்து, வெளியே வந்து காபிக் கடையைச் சூழ்கிறார்கள். இந்த வேளையில் கிடைப்பது முதல் டிக்காஷன். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிக்காஷன், பத்தரை மணிக்குச் சாவகாசமாக எழுந்து வரும் சுற்றுலாப் பயணிக்கு. "ஸ்ட்ராங்கா ஒண்ணு, விதவுட் ரெண்டு" என்ற குரல்கள் ஓய்ந்துவிட்டால் தரவும் ஓய்ந்தது என்று பொருள். கடைக்குப் போவது சரக்குக்காக மட்டுமே என்று கருதுவோர் சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளில் வரும் ரங்கு கடையைக் கவனிக்க வேண்டும். அங்கே அதிகம் செலவானது பேச்சு.

திருவானைக்காவலின் மணி வேறு. உச்சிகாலத்தில் அர்ச்சகர் புடவையணிந்து அகிலாண்டேசுவரி சந்நிதியிலிருந்து புறப்பட்டு ஜம்புகேசுவரருக்குப் பூஜை செய்கிறார், கோபூஜையும் உண்டு. அது முடிந்ததும் கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பசியை உணர்கிறது. 1943 முதல் அங்கே நடந்துவரும் பார்த்தசாரதி விலாஸின் நெய் தோசையை ஆராய விரும்புவோர் இந்தக் கூட்டத்துடன் போட்டியிடாமல் காலையிலோ மாலையிலோ செல்வது முறையியல்படி சரி.

ஆ) கல்லூரி மணி. தெப்பக்குளத்தருகே, மெயின் கார்டு கேட் பக்கம், தூய வளனார் கல்லூரி 1883 முதல் இயங்குகிறது. மாணவர் சட்டைப்பையின் ஆழமே இப்பகுதியின் விலைவாசியை நிர்ணயிக்கிறது. அங்குள்ள மைக்கேல் ஐஸ்கிரீம் கடை தலைமுறைகள் கடந்து நிற்பதற்கு இது ஒரு விளக்கம். வகுப்பு விட்ட மாலையில் கடைமுன் நின்றபடி சாப்பிடுவோரைப் பார்த்தால் நாற்காலி, மேசை, குளிர்சாதனம் ஆகியவை ருசியின் மாறிகள் அல்ல என்பது புலனாகும்.

இ) பஞ்சாங்கம். ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சோறு தேடுவது முறையியல் பிழை. அரிசியை விலக்கிப் பலகாரத்தோடு நிறுத்திக்கொள்வோர் அன்று மிகுதி. பகல் பத்து, இராப் பத்து என நீளும் வைகுண்ட ஏகாதசி விழாவில் கூட்டம் தீவையே நிரப்புவதால், எந்தக் கடை என்ற தேர்வு மறைந்து எந்த வரிசை என்ற தேர்வே மிஞ்சுகிறது. ஆடிப் பெருக்கன்று அம்மா மண்டபத்துக்கு வருவோர் சித்திரான்னத்தைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அன்று மிகச் சிறந்த சாப்பாடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் தூக்கில் இருக்கிறது. கேட்பதற்குத் துணிச்சல் வேண்டும். பெரும்பாலும் கேட்காமலே கிடைக்கும். விநாயகர் சதுர்த்தியில் உச்சிப் பிள்ளையாருக்கும் மாணிக்க விநாயகருக்கும் தலா 75 கிலோ கொழுக்கட்டை படைத்துப் பின் பக்தர்களுக்குப் பகிர்கிறார்கள். ரமலான் மாதத்தில் மாலை நோன்பு திறக்கும் வேளையை ஒட்டிப் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. நாளும் நேரமும் தப்பினால் இவற்றை எத்தனை ரூபாய் கொடுத்தும் வாங்க முடியாது.

5. விலை பற்றிய ஒரு சோதனை

விலை கூடினால் தரம் கூடும் என்ற கோட்பாட்டைச் சோதிக்க விலையே இல்லாத சாப்பாடு தேவை. ஸ்ரீரங்கம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் 2012இல் தொடங்கப்பட்டது. அங்கே பில் இல்லை, மெனு இல்லை, டிப்ஸ் இல்லை. பந்தி இருக்கிறது. சோறு சூடாக இருக்கிறது. அடுத்த பந்தி கதவருகே காத்திருப்பதால் ஆறுவதற்கு அதற்கு நேரமே கிடைப்பதில்லை. கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று அரிது.

6. இலைச் சான்று

வாழை ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய மையம் 1993 முதல் திருச்சியில் இயங்குகிறது. ஆனால் சாப்பாட்டு மேசையின் முன் அமர்பவர் தாமே செய்யக்கூடிய இலை ஆய்வு ஒன்றும் உண்டு. பன்னிரண்டரைக்கு விரிக்கும் இலை தண்ணீர் தெளித்ததும் பளபளக்கும். நுனி இலை கிடைக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டரைக்கு வரும் இலை விளிம்பில் சுருண்டிருக்கும். அதைத் தொடர்ந்து, "பொரியல் தீந்துடுச்சு சார், கூட்டே இன்னொரு கரண்டி வைக்கட்டா?" என்ற விசாரிப்பும் வரும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு இதுவரை பொய்த்ததில்லை.

7. வரம்புகள்

இத்துறையில் ஆய்வுக் கருவி வயிறு. ஒருமுறை அளந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்கு அது மறு அளவைக்கு உதவாது. இரு கடைகளை ஒரே வேளையில் ஒப்பிடுவது இதனால் கடினம். ஒப்பிட்டதாகச் சொல்வோரின் இரண்டாம் முடிவை ஐயத்துடனேயே அணுக வேண்டும். தவிர, 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்துவிட்டதால், மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றித் திரட்டிய தரவுகள் காலாவதியாகும் அபாயமும் உண்டு.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் மணப்பாறையிலிருந்து வருகிறது. திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் முறுக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ருசிக்கு அவ்வூர்த் தண்ணீரே காரணம் என்பார்கள். திண்டுக்கல் ரயிலில் காலையில் வாங்கினாலும், மாலையில் வாங்கினாலும், வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் பிரித்தாலும் அது ஒரே மாதிரிதான் நொறுங்குகிறது. கோயில் மணி, கல்லூரி மணி, பஞ்சாங்கம் எதற்கும் அது கட்டுப்படவில்லை. கருதுகோளைத் திருத்துவதா, முறுக்கை விதிவிலக்காக அறிவிப்பதா என்பது பற்றி ஆய்வுக் குழுவில் கருத்தொற்றுமை ஏற்படவில்லை. விவாதத்தின்போது சான்றுப்பொருள் முழுவதும் தீர்ந்துவிட்டதால், புதிய மாதிரிகள் வந்து சேரும்வரை கூட்டம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.