கப்பல் கவிழாமலே கன்னத்தில் கை

போன ஞாயிற்றுக்கிழமை ஏறிய கோபம், வியாழன் ஆகியும் இறங்கவில்லை.

மதுரையிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு திருப்பூணித்துறைக்கு வந்திருந்தான். சனிக்கிழமை பூர்ணத்ரயீசர் கோயில், ஹில் பேலஸ். கொச்சி ராஜாவின் பொற்கிரீடத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "சந்திரமுகி ரூம் எது மாமா?" இங்கே எடுத்தது மணிச்சித்திரத்தாழு, 1993, சந்திரமுகி அதற்குப் பன்னிரண்டு வருஷம் இளையவள் என்றேன். "அப்ப ஒரிஜினல் ரூம் எது?"

இதுகளுக்குக் கொஞ்சம் இலக்கியம் காட்டுவோம் என்று மறுநாள் டாக்ஸி பிடித்து, ஆலப்புழை தாண்டித் தகழிக்குக் கூட்டிப்போனேன். புத்தி போதாது.

தகழி சிவசங்கரப் பிள்ளை வாழ்ந்த சங்கரமங்கலம் இப்போது அருங்காட்சியகம். அவர் சமாதியும் அங்கேயே. 1984-இன் ஞானபீடம் வாங்கிய மனிதரின் வீட்டில் நாங்கள் செய்த முதல் காரியம், படம் எடுக்க வாசலில் நின்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டதுதான்.

எழுத்தாளர் வீடு என்றதும் இந்தக் கை எங்கிருந்து வருகிறது? பழனியில் வருவதில்லை, பல் டாக்டரிடம்கூட வருவதில்லை. சிறு வயதில் நான் கன்னத்தில் கை வைத்தால், "கப்பலே கவிழ்ந்தாலும் வைக்காதேடா" என்று பாட்டி தட்டிவிடுவாள். எழுத்தாளர் படங்களில் அந்தக் கைக்கு வகைகள் உண்டு. ஆட்காட்டி விரல் நெற்றிப்பொட்டிலும் கட்டைவிரல் தாடையிலும் இருந்தால், விருது வாங்கியவர். முஷ்டியில் மோவாய் என்றால், பதிப்பாளர் கிடைக்காதவர். பேனா மூடி உதட்டில் இருந்தால் புதுக்கவிதை. உள்ளங்கை மொத்தமும் கன்னத்தில் என்றால் ராயல்டி வரவில்லை. இரண்டு கன்னத்திலும் இரண்டு கை என்றால், வந்துவிட்டது, தொகையைப் பார்த்துவிட்டார். மச்சினன் இதில் எதிலும் சேராமல் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி, "இன்னும் சோகமா!" என்று இயக்கினாள். மூன்று வயசுப் பயல் கையைக் கன்னத்தில் வைக்கத் தெரியாமல் வாயில் வைத்துக்கொண்டான். அங்கே இயல்பாக இருந்தவன் அவன் ஒருவன்தான்.

செம்மீன் என்றால் மச்சினனுக்கு 1965 படம். அதிலும் பாட்டு மட்டும். அது தகழியின் நாவல், சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார் என்றேன். "வாங்கணும்" என்றான். அந்த 'வாங்கணும்' எனக்குத் தெரியும். என் அலமாரி முழுக்க 'வாங்கணும்'தான். தகழியின் 'கயிறு' தலையணை கனத்துக்கு அதில் கிடக்கிறது; நாற்பதாம் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய கரண்ட் பில்.

ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சினன் படம் ஏறியது: "செம்மீன் பிறந்த இடத்தில்." பொறுக்கவில்லை. அந்த நாவலைத் தகழி கோட்டயத்தில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து எட்டே நாளில் எழுதியதாகச் சொல்வார்கள் என்று திருத்தம் போட்டேன். அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது: எங்கள் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் நேரே கோட்டயம். டாக்ஸிக் காசாவது மிஞ்சியிருக்கும்.

நாம் ஏன் வாசிப்பதில்லை என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மச்சினனின் பதில் வந்துவிட்டது. ஒரு எழுத்தும் இல்லை. மோவாயில் கை வைத்த மஞ்சள் மூஞ்சி ஒன்று.

அதற்குக் கீழேயே, கேட்காமல், என் படத்தையும் போட்டிருக்கிறான். விருது வாங்கியவர் கை.