தோட்டா அண்ணாச்சி

சிவகிரிப் பக்கம் யார் வீட்டில் லைசன்ஸ் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒருவரையும் விசாரிக்க வேண்டாம். தேர்தல் தேதியை அறிவிக்கட்டும். அடுத்த சில நாளில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வேட்டி கட்டிய பெரியவர்கள் நாலைந்து பேர், பழைய ஜமுக்காளத்தில் சுற்றிய நீளப் பொட்டலத்தைத் தோளில் சாய்த்தபடி நிற்பார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி, நடுவில் ஒரு இடைத்தேர்தல் என்று கூட்டிப் பார்த்தால், சில துப்பாக்கிகள் சொந்தக்காரர் வீட்டுச் சோற்றைவிட ஸ்டேஷன் சோற்றைத்தான் அதிகம் தின்றிருக்கும்.

அந்த வரிசையில் ஒருவர் மட்டும் ரைட்டர் எழுதும் ரசீதை எட்டி எட்டிப் பார்ப்பார். "டபுள் பேரல் ஒண்ணுன்னு மட்டும் போட்டா எப்படிங்க ஐயா? பன்னெண்டு போரு, ரெண்டரை இஞ்சு சேம்பரு, பர்மிங்காம் முத்திரை. எல்லாத்தையும் எழுதுங்க. நாளைக்கு வேற துப்பாக்கிய என் தலையில கட்டிட்டா?" ரைட்டர் நிமிர்ந்து பார்ப்பார். பின்னால் நிற்கும் மற்ற துப்பாக்கிக்காரர்கள், இன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இங்கேதான் என்று திண்ணையில் உட்காருவார்கள். இவர்தான் தோட்டா அண்ணாச்சி.

இவரை ஒற்றை ஆளாக நினைத்துவிடக் கூடாது. வாசுதேவநல்லூரில் ஒருவர், சேத்தூரில் ஒருவர் என்று மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டிய சாலை நெடுக இந்த இனம் உண்டு. சிவகிரிக்காரருக்குக் கொஞ்சம் மிடுக்கு அதிகம். ஜமீன் ஊர் அல்லவா!

துப்பாக்கி அவர் வாங்கியதல்ல, அப்பா வைத்துவிட்டுப் போனது. அப்பா விட்டுப்போனதைப் பற்றி இந்த ஊருக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. ஜமீன்தார் பட்ட கடனுக்கு, அவர் மகன் கைக்கு வந்த ஜமீனும் பொறுப்பு என்று 1882-ல் லண்டன் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு சிவகிரி வழக்கில்தான் வந்தது. இந்துச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை நெட்டுருப் போடுகிறார்கள். அண்ணாச்சியின் கணக்கில் துப்பாக்கியும் அப்படி வந்த கடன்தான். ஆண்டு தவறினாலும் லைசன்ஸ் புதுப்பிப்பு தவறக் கூடாது. முன்பு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் அலைந்தார். 2019 திருத்தத்தில் அதை ஐந்து வருஷமாக்கிவிட்டார்கள். அலைச்சல் குறைந்ததில் அவருக்கு வருத்தம்தான். கலெக்டர் ஆபீஸுக்குப் போவதைப் போல இன்னொரு கௌரவமான வேலை அவருக்கு இல்லை.

சரி, சுட்டதுண்டா? இந்தக் கேள்வியை மட்டும் மதினி பக்கத்தில் இருக்கும்போது கேட்கக் கூடாது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அண்ணாச்சிக்கு மீசை முளைக்கவில்லை. முளைத்தபோது சுட ஒன்றும் இல்லை. மாந்தோப்புக் குரங்குகளை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு முறை சுட்டார். குரங்குகள் போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் கட்டியிருந்த சிப்பிப்பாறை நாய் அறுத்துக்கொண்டு ஓடியது; அதைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. அதோடு துப்பாக்கி உறைக்குள் போனது, அண்ணாச்சி படிக்க உட்கார்ந்தார்.

என்ன படிக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுட்டுத் தள்ளிய தோட்டாக் கூட்டில் புதுக் கேப்பு பொருத்தி, மருந்தும் ரவையும் அடைத்து மறுபடி தோட்டாவாக்குவது எப்படி என்று சொல்லும் கையேடுகள். அமெரிக்காவில் இது வீட்டுப் பின்கட்டில் கிழவர்கள் செய்யும் பொழுதுபோக்கு. ஐடியல் கம்பெனி கையேடு, அந்தக் கம்பெனியை 1925-ல் வாங்கிய லைமனின் கையேடுகள், ஸ்பியர், ஹார்னடி, 1937-ல் வந்த பிலிப் ஷார்ப்பின் தலையணைப் புத்தகம், இந்தியாவில் வேட்டையாடும் துரைமாருக்கு யோசனை சொன்ன மேஜர் பர்ரார்டு. எஸ்டேட் துரைமார் விட்டுப்போன பெட்டிகளில் கிடந்தவை, மதுரைப் பழைய புத்தகக் கடையில் கிலோ கணக்கில் வந்தவை, சென்னை மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் யாரோ வாங்கி அவரிடம் தள்ளிவிட்டவை. மரப் பீரோவில் சாமி படத்துக்குக் கீழ்த்தட்டு அவற்றுக்கு. மேல்தட்டில் மதினியின் பட்டுப்புடவைகள். பாச்சை உருண்டை இரண்டுக்கும் பொது.

ஆனால் ஒன்று. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் வேறு, தோட்டா செய்யும் உரிமம் வேறு. 1959 ஆயுதச் சட்டம் இதில் கறார். எனவே அண்ணாச்சி வாழ்நாளில் ஒரு தோட்டாவிலும் மருந்து அடைத்ததில்லை. அடைக்கப் போவதும் இல்லை. சமையல் புத்தகம் முப்பது வைத்துக்கொண்டு அடுப்பே இல்லாத வீட்டில் இருக்கிறார். இதில் அவருக்குக் குறையொன்றும் கிடையாது. செய்கிறவனுக்குக் கை போகும், படிக்கிறவனுக்குக் கண்தான் போகும் என்பார்.

பழைய பதிப்பு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது போச்சு. நாற்காலியை இழுத்துப் போடுவார். ஒரே தோட்டாவுக்குப் பழைய புத்தகம் இவ்வளவு மருந்து வரை போகலாம் என்கிறது. புதியது அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறது. ஏன்? அந்தக் காலத்தில் குழலுக்குள் எழும் அழுத்தத்தை அளக்க ஒரு சின்னச் செம்பு உருளையை வைத்துச் சுட்டார்கள். உருளை எவ்வளவு நசுங்கியதோ அதை அளந்து அழுத்தத்தைக் கணக்கிட்டார்கள். பிறகு மின்கருவி வந்தது. கண் இமைப்பதற்குள் எழுந்து அடங்கும் உச்சத்தைச் செம்பு தவறவிட்டிருந்தது, கருவி பிடித்துவிட்டது. போதாக்குறைக்கு, அதே பெயரில் விற்கும் மருந்தும் வருஷங்கள் போகப் போகக் குணம் மாறுகிறது. "புஸ்தகம் தப்பில்ல வே. மருந்து மாறிட்டு, அளக்கவனும் மாறிட்டான்." ஆகவே எல்லாப் பதிப்பும் வேண்டும். வாதத்தில் எது கைகொடுக்குமோ அதை எடுத்து வீசுவார். எதிராளி அவர் சொல்வதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால், "நீரு எந்தப் பதிப்பு?" என்பதுதான் முதல் கேள்வி. ரேஷன் கடையில் சர்க்கரை அளவைப் பற்றிய தகராறிலும் இதைக் கேட்டிருக்கிறார்.

இத்தனை புத்தகமும் சேர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே பாடம். உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே ஆரம்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, அபாயக் குறி தெரிந்ததும் நிறுத்து. மருந்து இல்லாத வீட்டில் இந்தப் பாடத்தை வேறு எங்கே பிரயோகிப்பது? சாம்பாரில்தான். "உப்பு பத்து சதவீதம் கம்மியா ஆரம்பிக்கணும். ஏத்திக்கிடலாம், எறக்க முடியாது." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உப்புக் குறைந்த சாம்பாரைத் தின்று மதினிக்கு நாக்கே மரத்துவிட்டது. புளியங்குடி எலுமிச்சை ஏலத்தில் அண்ணாச்சி கேட்கும் விலை எப்போதும் மற்றவர்களுக்குப் பத்து சதவீதம் கீழே நிற்கும். ஏலக்காரர் அவர் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் இதே முறை. மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் அபாயக் குறி தெரிந்த கணத்தில் ஏற்றுவதை நிறுத்திவிட்டாராம். அந்தக் கல்யாணம் நடந்தது அண்ணாச்சியின் கணக்கால் இல்லை, மதினியின் தம்பி குறுக்கே புகுந்ததால் என்று உறவினர்கள் சொல்வார்கள்.

பழைய பெட்டி ஒன்றில் புத்தகத்தோடு ஒரு தராசும் வந்து சேர்ந்தது. மருந்து நிறுக்கும் சின்னக் கைத்தராசு, கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிராமுக்கு 15.43. அண்ணாச்சிக்கு உலகமே இந்த அளவில்தான் ஓடுகிறது. மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போனபோது, எலெக்ட்ரானிக் தராசு மின்னும் கடையில் மஞ்சப்பையைத் திறந்து இதை வெளியே வைத்தார்.

"அண்ணாச்சி, எட்டு கிராம் சரியா காட்டுது பாருங்க."

"அது உங்க மிஷின் சொல்லுது. ஒரு பவுனுக்கு 123.46 கிரெயின் வரணும். பாத்துருவோம்."

பார்த்தார்கள். பவுன் சரியாக இருந்தது. கடை முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை, காப்பி வரவழைத்தார். அண்ணாச்சி முகத்தில் மட்டும் ஏதோ இழந்த களை. அந்தத் தராசு ஒரு தடவைக்கு ஐந்நூறு கிரெயினுக்குச் சற்று மேல்தான் தாங்கும், அதாவது நாலு பவுன். நகையைப் பிரித்துப் பிரித்து நிறுத்து முடிக்கையில் மாலை விளக்கு வைத்துவிட்டார்கள்.

ஊரில் அவரைப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். ஓய்வு பெற்ற கம்பவுண்டர். அஞ்சு கிரெயின் ஆஸ்பிரின் மாத்திரையைக் கையாண்ட தலைமுறை அவருடையது. அதையே இப்போது 325 மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள் என்பதில் இருவருக்கும் ஒரே மாதிரி மனக்கசப்பு. சாயங்காலம் இருவரும் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து, ஒருவர் உயிர் காக்கும் மருந்தையும் மற்றவர் உயிர் வாங்கும் மருந்தையும் ஒரே அளவில் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்டுக்கொண்டு போகிற புதியவன் இருவரில் யார் எந்த ரகம் என்று குழம்புவான்.

சரித்திரத்திலும் அண்ணாச்சி தலையிடுவார். தென்காசிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டிலும் செங்கோட்டை வாஞ்சிநாதன் பேச்சு ஒரு சுற்று வராமல் இருக்காது. 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன், கலெக்டர் ஆஷ். பந்தியில் ஓர் இளவட்டம், "ரிவால்வரால சுட்டாரு" என்று தொடங்கினால் போதும், மூன்று இலை தள்ளியிருந்து குரல் வரும். "ஏல, ரிவால்வர் இல்ல. பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங் பிஸ்டல். அதுல உருளை சுத்தாது." தேசபக்தி அங்கேயே நிற்கும், பாயாசம் வரும்வரை பிஸ்டலின் உள்ளமைப்பு ஓடும். இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதுதான் எரிச்சல்.

அவர் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. அவுட்டுக்காய். பன்றிக்கென்று தீனிக்குள் வெடியைப் பொதிந்து காட்டோரம் வைக்கிறார்களே, அது. பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கிறது, மேயப் போன மாடு கடிக்கிறது. வாய் கிழிந்த பிராணி தீனி எடுக்க முடியாமல் நாள் கணக்கில் அலைந்து சாகிறது. "அளவு தெரியாதவன் கையில மருந்து" என்பார், அதற்கு மேல் பேச்சு வராது. இப்படி ஒருவன் டீக்கடையில் அவரை அண்டி, புஸ்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றபோது, அண்ணாச்சி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்து பீரோவைப் பூட்டினார். சாவி அன்றிலிருந்து இடுப்பில்தான். பட்டுப்புடவை எடுக்க வேண்டுமென்றால் மதினி மனுப் போட வேண்டும்.

2025 ஜனவரியில் அண்ணாச்சிக்குத் திடீரென்று பத்து வயது குறைந்தது. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று அரசு சொன்னது. சுடப்போவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள், விவசாயி அல்ல. இரண்டாவது வாக்கியத்தை அண்ணாச்சி படிக்கவில்லை. நாலு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரேஞ்சரைப் பார்க்கப் போனார், ஆலோசனை சொல்ல. ரேஞ்சர் இளைஞர், நல்ல வளர்ப்பு. டீ வாங்கிக் கொடுத்து முழுவதையும் கேட்டார். கடைசியில், "உங்க வயல் காட்டுல இருந்து எவ்வளவு தூரம் அண்ணாச்சி?" என்றார்.

"ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

"அப்படின்னா உங்க பன்றிய யாருமே சுட முடியாது. கூண்டு வச்சுப் பிடிச்சு, திரும்பக் காட்டுல விடத்தான் முடியும்."

அந்தப் பன்றிக்கும் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். வள்ளிக்கிழங்கு பருத்த சமயம் பார்த்து ஒரு ராத்திரி இறங்கிவிட்டது, குட்டிகளோடு. தோட்டத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருந்த அண்ணாச்சி எழுந்தார், துப்பாக்கியை எடுத்தார். கையிருப்பு இரண்டு தோட்டா, அப்பா காலத்துக் காகிதக்கூடு. காகிதக்கூடு ஈரத்தில் உப்பும், உப்பினால் குழலில் சிக்கும் என்பது அவருக்குத் தெரியும். குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்த மாதம் வேறு. இங்கேயும் காற்று நசநசத்தது. பன்றியைச் சுடுவது குற்றம், வானத்தைப் பார்த்துச் சுடலாம். ஆனால் இந்தத் தோட்டாவை நம்பி வானத்தையாவது சுடலாமா? டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பர்ரார்டைத் திறந்தார். பர்ரார்டு ஒன்று சொன்னார், ஷார்ப் வேறொன்று சொன்னார். தோட்டத்தில் கிழங்கு நறநறவென்று கடிபடும் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மதினி உள்ளேயிருந்து இட்லித் தட்டும் கரண்டியுமாக வந்தார். வாசல்படியில் நின்று அடித்தார். குட்டிகள் முதலில் ஓடின, தாய் பின்னால். வேலியோரம் கொஞ்ச நேரம் சலசலப்பு, பிறகு அதுவும் இல்லை.

காலையில் அண்ணாச்சி தன் நோட்டைத் திறந்து வைத்திருந்தார். தேதி, தூரம் சுமார் நாற்பது கெஜம், காற்று மேற்கே, பலன் திருப்தி. எடை என்று போட்ட இடம் மட்டும் காலியாக இருந்தது. இட்லித் தட்டைச் சின்னத் தராசில் ஏற்ற முடியாமல், நாலு பவுன் தாங்கும் தட்டில் அதன் ஒரு ஓரத்தையாவது உட்கார வைத்துவிடலாம் என்று முயன்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அந்தத் தட்டக் குடுங்க மொதல்ல" என்றார் மதினி. "மாவு பொங்கி வழியுது."