என்ன புரிஞ்சுது?

எங்கள் காலத்தில் கதைப் புத்தகம் படிப்பது குற்றப் பட்டியலில் இருந்தது. மேட்னி ஷோவுக்குப் போவதற்கு ஒரு படி கீழே, கோலி விளையாடுவதற்கு ஒரு படி மேலே. என் அப்பாவைப் பொறுத்தவரை புத்தகம் என்றால் பாடப் புத்தகம். மற்றதெல்லாம் 'கண்ட கழுதை'. "கண்ட கழுதையையும் படிச்சா எங்கிட்டு உருப்படுறது?" என்பது அவருடைய கல்விக் கொள்கை.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவி வந்து இறங்கினார். பூகோளப் புத்தகத்துக்குள் வைத்தால் வெளியே தெரியாது என்பதைக் கண்டுபிடித்த அன்று, ஆண்டவன் எங்கள் பக்கம்தான் என்று உறுதியாயிற்று. மாயாவியின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். தெருப் பையன்கள் எல்லோரும் சுவிட்ச் போர்டை ஏக்கத்தோடு பார்த்த காலம் அது. பாதி நேரம் கரண்ட் இருக்காது என்பதால் அந்தத் தலைமுறை பிழைத்தது.

அன்று எங்களை வாசிக்கச் சொல்லி யாரும் ஊக்கப்படுத்தவில்லை. படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது என் வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

பேத்தி மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் 'வாசிப்புப் பதிவேடு' என்று ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். நூலின் பெயர், ஆசிரியர், படித்த பக்கங்கள், எடுத்துக்கொண்ட நேரம், கற்றுக்கொண்ட நீதி, பெற்றோர் கையொப்பம் என்று வரிசையாகக் கட்டங்கள். நான் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஐந்து பவுன் சங்கிலியை அடகு பிடிக்கக்கூட இத்தனை கட்டம் நிரப்பியதில்லை.

மற்ற கட்டங்களை ஒருவழியாக ஒப்பேற்றிவிடலாம். நீதிக் கட்டம்தான் வில்லங்கம். முயல் ஆமைக் கதைக்குப் பேத்தி எழுதிய நீதி: 'தூங்குவதாக இருந்தால் ஜெயித்த பிறகு தூங்க வேண்டும்.' அந்தக் கதையிலிருந்து இவ்வளவு உருப்படியான ஒன்றை இதுவரை யாரும் எடுத்ததில்லை என்பது என் கட்சி. ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, "விடாமுயற்சி வெற்றி தரும்னு எழுதுடி" என்றாள்.

"ஆமை எங்கம்மா முயற்சி பண்ணுச்சு? அது எப்பவுமே அப்படித்தானே நடக்கும்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அம்புலிமாமா படித்தவர்களுக்குக் கதை முடிந்ததும் கேள்வி கேட்கும் இந்த நோயின் மூலம் தெரிந்திருக்கும். நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை அது. பிற்பாடு 'மாயாபஜார்' எடுத்ததும் இவர்கள்தான். அதில் விக்கிரமாதித்தன் கதைக்கு ஓவியர் சங்கர் வரைந்த படத்தை எங்கள் வயதுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டே வர்ணிப்பார்கள்: கையில் உருவிய வாள், தோளில் பிணம். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லும். முடித்ததும் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொல்லிவிட்டாலோ வேதாளம் பழையபடி முருங்கை மரத்துக்குப் பறந்துவிடும். கதை முடிந்த கையோடு கேள்வி கேட்டால் கதை கையை விட்டுப் போய்விடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கல்வியாளரும் விளக்கியதில்லை. நம் வீட்டுப் பெற்றோர்கள் வேதாளத்துக்கும் ஒரு படி மேல். அதுவாவது பதில் வந்ததும் மரத்துக்குப் போய்விடும். இவர்கள் அடுத்த கேள்விக்குப் போகிறார்கள்.

என் மகனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாசிப்பின் அருமையைப் பற்றி அவன் வாசிக்காத கட்டுரை இல்லை, எல்லாம் போனில்தான். குழந்தைகளை வாசிக்கவைக்கும் வழிகள் என்று ஒரு நீளமான கட்டுரையை ஒருநாள் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தான். குழந்தையின் கண்ணெதிரே பெற்றோர் புத்தகம் படிக்க வேண்டும் என்பது அதில் முதல் வழியாம். அந்த நேரம் பார்த்துப் பேத்தி ஏதோ கேட்க வந்தாள். "முக்கியமானதைப் படிச்சிக்கிட்டிருக்கேன்ல? போ, போய் உன் புக்கைப் படி!" என்று விரட்டினான். பிள்ளை போய் டிவியைப் போட்டது.

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா வந்தால் குடும்பத்தோடு போவோம். அங்கே நடக்கும் பேரம் தனி ரகம். பேத்தி நேராகப் போய் எடுத்தது ஒரு பேய்ப் புத்தகம். அட்டையில் பேய் பல் தேய்த்துக்கொண்டிருந்தது. மகன் அதைப் பிடுங்கிப் பக்கத்தைப் புரட்டினான். "இருபத்துநாலு பக்கம், நூத்தி இருபது ரூபாயா? எழுத்தே இல்ல, பூராம் படம்." எழுத்தை எடை போட்டு வாங்குகிற வழக்கம் நம்மிடம் எப்படி வந்ததோ தெரியவில்லை. பிள்ளைகள் முதலில் படத்தைத்தான் படிக்கும். பேயின் கையில் இருப்பது பிரஷ், அதற்கு இருப்பது ஒரே பல் என்பதையெல்லாம் பேத்தி அட்டையிலேயே படித்து முடித்திருந்தாள். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத்து வேண்டும். கடைசியில் பேயைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, அதே விலையில் முந்நூறு பக்கப் பொது அறிவுப் புத்தகத்தைப் பத்து சதவீதத் தள்ளுபடியோடு வாங்கினார்கள். வெளியே வந்து ஆளுக்கொரு டெல்லி அப்பளம் சாப்பிட்டோம். அதன் விலையை யாரும் பக்கக் கணக்கில் பார்க்கவில்லை.

பொது அறிவு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருக்கிறது.

அப்படியானால் பிள்ளை தமிழ் வாசிக்கக் கற்றது எங்கே? சொன்னால் அடிக்க வருவீர்கள், மதுரைச் சுவர்களில். தமிழில் 247 எழுத்து என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216 எழுத்தும் உயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவை. கொம்பு, கால், சுழி இவற்றின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் எந்தச் சொல்லையும் உரக்கச் சொல்லிவிடலாம். பிறகு வேண்டியது பழக்கம்தான். ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும், பெரிய எழுத்தில் இருந்தால் நல்லது, கூட ஒரு படமும் இருந்தால் உத்தமம். இந்த மூன்றையும் எங்கள் ஊர்ச் சுவரொட்டிகளும் ஃபிளெக்ஸ் பேனர்களும் இலவசமாகச் செய்துகொண்டிருக்கின்றன.

ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருவாள். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு பாடம். 'காதணி விழா' என்ற சொல்லை முதல் வகுப்பிலேயே பிழையில்லாமல் வாசித்தாள். கூலிங் கிளாஸ் போட்ட ஒரு வயதுக் குழந்தை, சுற்றிலும் தாய்மாமன்களின் தலைகள், மேலே பெரிய எழுத்தில் காதணி விழா. அடுத்த சிக்னலில் அதே சொல், வேறு குழந்தை, அதே கூலிங் கிளாஸ். இப்படியே 'பூப்புனித நீராட்டு', 'வசந்த விழா', 'இதய அஞ்சலி' எல்லாம் வந்துவிட்டன. தாய்மாமன்கள் பெயர் வரிசையால் ழகரமும் ளகரமும் தேறின.

ஒருநாள் கோரிப்பாளையத்தில் நிற்கும்போது சுவரைப் பார்த்துத் திடுக்கிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இமயம் சரிந்ததாம்! எப்பத் தாத்தா? சோசியல் மிஸ் சொல்லவே இல்லியே!"

பக்கத்தில் ஆட்டோவில் இருந்தவர் சிரித்துவிட்டார். இறந்துபோனவர் ஒரு வார்டு பிரமுகர் என்று விளக்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. வழியெல்லாம் கேள்வி. இமயம் என்றால் மலைதானே, மலை எப்படி மனுஷன் ஆகும், அவர் ரொம்ப உயரமா, நீங்கள் செத்தால் எந்த மலை போடுவார்கள்? வைகை ஆற்றுப் பாலத்தைக் கடப்பதற்குள் எனக்கு நாகமலை முடிவாயிற்று. உருவகம் என்ற பாடத்தை அவள் அன்றைக்குப் படித்தாள். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

டானியல் பென்னாக் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர். பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். 1992இல் எழுதிய நூலில் வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியல் போட்டிருக்கிறார். பக்கங்களைத் தாண்டிப் போகலாம், பாதியில் விடலாம், படித்ததையே மறுபடி படிக்கலாம், எதை வேண்டுமானாலும் படிக்கலாம். எல்லாவற்றுக்கும் முதலாவது உரிமை, வாசிக்காமல் இருப்பது. மருமகளிடம் இதைச் சொன்னேன்.

"அவருக்கு எத்தனை பிள்ளைங்க மாமா?" என்றாள்.

நம் ஊரிலும் குழந்தையை அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதித் தள்ளியவர். வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. நானும் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வேறெதுவும் செய்யாமல் இருந்தேன். அவருடைய பாட்டுகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததற்குக் காரணம் அவற்றில் குதிக்கத் தோன்றும் ஓசை இருந்ததுதான். ஒப்பிக்கச் சொன்னதால் வந்ததல்ல.

பேத்தியைப் புத்தகத்தின் பக்கம் திருப்பிய புண்ணியம் கடைசியில் என் மனைவிக்குத்தான். அவளுக்குக் குழந்தை உளவியல் தெரியாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கண் விழிக்கத் தெரியாது, அவ்வளவுதான். தினமும் பேத்திக்குப் படுக்கையில் ஒரு கதை வாசிப்பாள். கதையின் சுவாரசியமான இடமும் அவளுடைய தூக்கமும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் வரும்.

அன்றைக்கு ஒரு ராஜா கதை. ராஜா ஆறு கதவுகளைத் திறந்துவிட்டார். ஏழாவது கதவைத் திறக்காதே என்று முனிவர் எச்சரித்திருக்கிறார். "ராஜா மெல்லக் கதவைத் தள்ளினார். உள்ளே..." என்றாள். அப்புறம் குறட்டை. பேத்தி உலுக்கிப் பார்த்தாள், மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. புத்தகத்தை உருவிக்கொண்டு ஹால் விளக்கடிக்கு வந்தாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக ராஜாவோடு சேர்ந்து அந்த அறைக்குள் நுழைந்தாள். உள்ளே ராஜாவின் மாமியார் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். பேத்தி போட்ட சிரிப்பில் வீடே எழுந்துவிட்டது.

மருமகள் ஓடிவந்தாள். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது: "என்ன புரிஞ்சுது?"

"எந்தக் கதவைத் தொறந்தாலும் மாமியார் இருப்பாங்கன்னு."

உள்ளே குறட்டை சட்டென்று நின்றது.

இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மருமகள்தான் முதலில் சிரித்தாள். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானும் படித்தாள், நின்றுகொண்டே, அடுத்த பக்கத்தையும் சேர்த்து. பதிவேட்டில் அன்றைய நீதிக் கட்டம் காலியாகப் போயிற்று. கையொப்பம் மட்டும் இருந்தது.

அதற்கப்புறம் நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பேத்தியைக் கூட்டிப் போவது என் பொறுப்பாயிற்று. சிறுவர் பகுதியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தும் படுத்தும் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கே பொறாமை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்து நூலகத்தில் புத்தகங்கள் கண்ணாடி பீரோவுக்குள் பூட்டியிருக்கும். கேட்டால் நூலகர், "கை கழுவினியா?" என்பார். கழுவிவிட்டு வந்தால், "ஈரக் கையோட தொடாதே" என்பார்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஆரம்பத்தில் பொழுது போகாமல், பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டவர். அவர்தான் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே. இதை ஒரு விதியாகவே எழுதவேண்டி வந்தது என்றால் அதுவரை பீரோக்கள் எப்படி இருந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக அனுப்பினார். மாடுகள் வாசகர்களிடம் எதுவும் கேட்டதாகத் தகவல் இல்லை.

பேத்தி இப்போது நூலகத்தில் ஒரு மணி நேரத்தில் நாலு புத்தகத்தை எடுத்து, மூன்றைப் பாதியில் வைத்துவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. பல் தேய்க்கும் பேயைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்பது என் சந்தேகம்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி என்று நம்மிடம் வாங்குகிறார்கள். கட்டிய காசை வசூல் பண்ணப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ எடுக்கட்டும், நீங்களும் உங்களுக்கென்று ஒன்றை எடுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு அன்று விடுமுறை.