சாமி பேருக்கே!

அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் பெயர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் கேட்பார். என் அம்மா பேரன் பேத்தி வரை அத்தனை பேருடைய நட்சத்திரத்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள்தான் மூச்சு வாங்குவார்கள். பெரியப்பா நேரெதிர். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பார், ஏதோ சொத்தை எழுதிக் கொடுக்கிற தோரணையில். தனக்கென்று எதுவும் கேட்காத உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். கற்பூரத் தட்டு வரும்போது அவருடைய உதட்டைப் பார்க்க வேண்டும். மூட்டு வலி, மகனின் டிரான்ஸ்ஃபர், பென்ஷன் அரியர்ஸ் எல்லாம் அதில் ஓடும். எனக்கு அம்மா கட்சிதான் பிடிக்கும். அங்கே ஒளிவுமறைவு கிடையாது.

வீட்டில் ஹோமம் வைத்தால் ஐயர் சங்கல்பம் செய்து வைப்பார். எந்தக் கல்பம், எந்த மன்வந்தரம், கலியுகத்தில் எத்தனையாவது பாதம், மேரு மலைக்கு எந்தத் திசை என்று தொடங்கி, அறுபது வருடங்களில் எந்த வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை என்று படிப்படியாக இறங்குவார். பிரபஞ்சத்திலிருந்து அவர் எங்கள் ஹாலுக்கு வந்து சேர்வதற்குள், எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே மறந்துவிடும். அவரும் ஆயுள், ஆரோக்கியம், ஐசுவரியம் என்று பொதுவாக முடித்துவிடுவார். அம்மா விடமாட்டாள்.

"சாமி, மேல் வீட்டு பாத்ரூம் நம்ம கூரையில ஒழுகுது. அதையும் ஒரு வார்த்தை சேத்துக்குங்க."

ஐயர் ஒரு கணம் கண்ணை மூடினார். கூரை ஒழுகலுக்கு சமஸ்கிருதம் தேடினார் போலிருக்கிறது.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் கந்த சஷ்டி கவசத்திலிருந்து வந்தது என்பது என் ஊகம். தேவராய சுவாமிகள் அதில் 'உடம்பைக் காப்பாற்று' என்று ஒரே வரியில் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தலையில் தொடங்கிப் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி முருகனின் வேலைக் காவலுக்கு நிறுத்துகிறார். அப்புறம் பேய் பிசாசு, பாம்பு, தேள், நோய்நொடி என்று தனிப் பட்டியல். என் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தையும் படித்துப் பார்த்தேன். அதில் பல் சேராது. கவசத்தில் முப்பத்திரண்டும் சேரும்.

பெரியப்பா ஒருநாள் திருவாசகத்தை இழுத்தார். எதைக் கேட்கவேண்டும் என்பதும் உனக்கே தெரியும் என்று மாணிக்கவாசகர் இறைவனிடமே விட்டுவிட்டாரே, நீ மட்டும் ஏன் தினமும் நச்சரிக்கிறாய் என்று கேட்டார்.

"அவருக்கு மேல் வீடு கிடையாதுங்க, மாமா" என்றாள் அம்மா.

எதைக் கேட்டாலும் ஊருக்கு ஊர் அதற்கென்று ஒரு தெய்வம் உண்டு. கல்யாணத்துக்குத் திருமணஞ்சேரி, பிள்ளைப்பேற்றுக்குத் திருக்கருகாவூர். சிங்கப்பெருமாள்கோயில் பக்கம் செட்டிபுண்ணியத்தில் ஹயக்ரீவர் முன்னால் பரீட்சைக்கு முன் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்து எடுப்பார்கள். ஆனால் வேண்டுதலை ஆபீஸ் காரியமாகவே ஆக்கியது விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் கோயில்தான். குறையைத் தாளில் எழுதி, பெயர் ஊர் போட்டு, முருகன் சன்னிதியில் வைத்து, முனியப்பர் முன்னால் உள்ள சூலத்தில் கட்டவேண்டும். இதற்குப் பிராது கட்டுதல் என்று பெயர். காரியம் முடிந்ததும் சும்மா இருந்துவிட முடியாது. திரும்பிப் போய் ராஜினாமா கொடுத்தால்தான் வழக்கு முடியும். முருகனிடமே ஃபைலை மூடச் சொல்கிற நிர்வாக ஒழுங்கு வேறெங்கே இருக்கிறது?

இதை நான்தான் அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போது மேல் வீட்டுக்காரர் பெயருக்கு இனிஷியல் என்ன என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். வாட்ச்மேனுக்குத் தெரியவில்லையாம். என்னையே நேரில் போய்க் கேட்டுவரச் சொல்கிறாள்.

"அப்படியே ஒழுகறதையும் சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நீ பேசாத. முருகன் பேசிக்குவான்."